கோட்டில் ஓடும் றோபோ மத்தியானத்தில் தடுமாறுவது ஏன்?

கேள்வி: தரம் 9 பிள்ளைகளோடு ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்பலகை) வைத்துக் கறுப்புக் கோட்டில் ஓடும் றோபோ செய்கிறோம். நின்று நின்று ஓடுகிறது. மத்தியானத்தில் கோட்டையே விட்டுவிடுகிறது. பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. என்ன செய்யலாம்?
– விஞ்ஞான ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள். சேர்த்துத் திருத்தினால் எது எதனால் சரிவந்தது என்று தெரியாமற் போகும்.

நின்று ஓடுவதற்கு முதற் சந்தேகம் 9 வோல்ற்றுச் சதுரப் பற்றரிதான். அதன் அகத்தடை, அதாவது பற்றரிக்குள்ளேயே இருக்கும் தடை, அதிகம். மஞ்சள் கியர் மோட்டர்கள் புறப்படும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் வோல்ற்றளவு விழ, ஊனோ மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதை வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பற்றரி முனைகளில் மல்ரிமீற்றரை வைத்து, சில்லு சும்மா சுழலும்போதும் விரலால் ஒரு கணம் பிடித்தபோதும் பிள்ளைகளே வாசிக்கட்டும். அகத்தடைப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

மாற்றாக 18650 லிதியம் கலங்கள் இரண்டைத் தொடராக இணையுங்கள். முழுச் சார்ஜில் 8.4 வோல்ற்று, மோட்டரை இயக்கும் எல்298என் டிரைவர் பலகை ஏறத்தாழ 2 வோல்ற்றை விழுங்க, மோட்டருக்கு மிஞ்சுவது அளவான 6 சொச்சம். ஊனோவின் கிரவுண்டையும் (GND முனை) டிரைவரின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். கலங்களைச் சாவியோடோ சில்லறையோடோ பையில் போட விடாதீர்கள்.

மத்தியானச் சிக்கலுக்குக் காரணம் வெயில். சென்சர் தான் அனுப்பும் செந்நிறக்கீழ்க் கதிர் (இன்ஃப்ராரெட்) திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. அரைச்சுவர் வகுப்பறைக்குள் விழும் வெயிலிலும் அதே கதிர் நிறைய உண்டு. கறுப்பின் மேல் நின்றும் வெள்ளை என்று ஏமாந்துவிடும். சென்சரை நிலத்திலிருந்து 5 முதல் 10 மில்லிமீற்றர் உயரத்தில் பொருத்தி, சுற்றிக் கறுப்பு மட்டையால் பாவாடை கட்டுங்கள். சென்சரின் உணர்திறனை மாற்றும் நீலத் திருகை றோபோ ஓடும் இடத்திலேயே வைத்துச் சரிபார்க்க வேண்டும், மேசையில் அல்ல. பளபளக்கும் இன்சுலேஷன் ரேப்பும் சில கோணங்களில் கதிரைத் திருப்பும். மங்கல் கறுப்பு நல்லது.

உயரத்தை 3, 6, 10, 15 மில்லிமீற்றர் என மாற்றி, நிழலிலும் யன்னலோரத்திலும் அட்டவணை போடச் சொல்லுங்கள். மூன்று பேருக்கு ஒரு றோபோ போதும். அதற்கு மேல் போனால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார்.

நிரலை முழுதாகக் கொடுக்காதீர்கள். இரண்டு சென்சரும் ஒரே நேரத்தில் கறுப்பைக் கண்டால் என்ன செய்வது என்ற வரியைக் காலியாக விடுங்கள். நாற்சந்தியில் நேரே போவதா நிற்பதா என்று அவர்களே சண்டை பிடித்து எழுதுவார்கள்.