1994 பிப்ரவரி 7 அன்று பிறந்தவர் சீனக் கணக்கில் நாய் ஆண்டினரா, சேவல் ஆண்டினரா?

நீங்கள் 1994 பிப்ரவரி 7 அன்று பிறந்ததாகவும், உடன் பணிபுரியும் சீன நண்பர் உங்களைச் சேவல் ஆண்டினர் என்றும், கைப்பேசிச் செயலி நாய் ஆண்டினர் என்றும் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறில்லை, ஆண்டு எந்த நாளில் பிறக்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

சீனக் கணக்கில் ஆண்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விலங்குகள் மாறி மாறி வருகின்றன. சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டி வருவது. 1994-இல் அது பிப்ரவரி 10. அதன்படி, நீங்கள் பிறந்தபோது சேவல் ஆண்டு முடிய இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. பிறந்த நேரத்தைக் கொண்டு பலன் கணிப்பவர்களோ பெரும்பாலும் சூரியனின் நிலையைப் பார்த்து, 'லிச்சுன்' என்னும் வசந்தத் தொடக்கமாகிய பிப்ரவரி 4-ஐ ஒட்டியே ஆண்டை மாற்றிவிடுகிறார்கள். யுகாதி சந்திரனைப் பார்த்தும் சித்திரை முதல் நாள் சூரியனைப் பார்த்தும் வருவதை அறிந்த நமக்கு இது புதிதன்று. நான் பினாங்கில் சீனக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவன். அங்கே சாதாரண வீடுகளில் புத்தாண்டு நாளைத்தான் எல்லையாகக் கொள்வார்கள் என்பதால், உங்களைச் சேவல் ஆண்டினர் என்றே சொல்வேன்.

நான் 1970 அக்டோபரில் பிறந்த நாய் ஆண்டினன். 1982-இல் நாய் ஆண்டு திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி என் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு, அந்த ஆண்டு முழுவதும் அதைக் கழற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். தன் விலங்கின் ஆண்டு ஒருவருக்கு நல்லது செய்யும் என்றுதான் நம்மில் பலரும் எண்ணுவோம். சீன நம்பிக்கையோ அதற்கு நேர்மாறானது. அந்த ஆண்டை ஆளும் 'தாய்சுய்' என்னும் தெய்வத்தின் முன் அவர் நேராக வந்து நிற்பதாகவும், ஆகவே சிவப்பு அணிந்து தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் கருதுகிறார்கள். இந்தப் பன்னிரண்டு ஆண்டுச் சுற்று வியாழன் சூரியனைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் ஏறத்தாழ 12 ஆண்டுகளோடு தொடர்புடையது. நம் குருப்பெயர்ச்சிக்கும் அடிப்படை அதே கோள்தான் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, அந்தக் கயிற்றின் மீது எனக்கு மதிப்புக் கூடியது.

நாயின் குணம் விசுவாசம், நேர்மை என்று செயலிகள் சொல்வது மேலோட்டமானது. ஆண்டையும் மாதத்தையும் நாளையும் நாழிகையையும் குறிக்கும் பன்னிரண்டு 'கிளை'களில் பதினோராவதான 'ஷூ'வோடு இணைக்கப்பட்ட விலங்குதான் நாய். அந்த இணைப்பும் தொடக்கத்தில் உறுதியாக இருக்கவில்லை. 1975-இல் ஹுபெய் மாநிலத்தின் ஷுய்ஹுதியில், கி.மு. 217-ஐ ஒட்டிய சின் அரசமரபுக் காலக் கல்லறையில் கிடைத்த மூங்கில் ஏடுகளில், 'ஷூ'வுக்கு நேராக எழுதப்பட்டிருப்பது கிழட்டு ஆடு! கான்சு மாநிலத்தின் பாங்மாதானில் 1986-இல் கிடைத்த ஏடுகளிலோ அதே இடத்தில் நாய் இருக்கிறது. நாளில் 'ஷூ'வுக்கு உரியது இரவு 7 முதல் 9 மணி வரையிலான பொழுது. கதவடைத்து வீடு அடங்கும் அந்த வேளையில் வாசலைக் காப்பது நாய் என்று சீனர்கள் விளக்கம் சொல்வதுண்டு. விசுவாசம் என்ற ஒற்றைச் சொல்லைவிட இந்தக் காவற்பொழுதே எனக்கு நாயை நன்றாகக் காட்டுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காலத்தைக் குறிக்கும் இன்னொரு வரிசையான பத்துத் 'தண்டு'களும் இந்தப் பன்னிரண்டு கிளைகளும் சேர்ந்து நம் பிரபவ முதல் அட்சய வரையிலான சுற்றைப் போலவே அறுபது ஆண்டுகளாகின்றன. அவற்றுள் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என நாய்க்கு ஐந்து ஆண்டுகள் உண்டு. என்னுடையது உலோக நாய். செயலியின் கணக்கில் உங்களுடையது மர நாய். மண் நாய் ஆண்டின் பெயரான 'வூஷூ' சீன வரலாற்றிலும் பதிந்திருக்கிறது: 1898-இல் குவாங்ஷு பேரரசர் தொடங்கி, 103 நாட்களில் பேரரசித் தாய் சிஷியால் முடக்கப்பட்ட சீர்திருத்தத்தை அவர்கள் இன்றும் 'வூஷூ சீர்திருத்தம்' என்றே அழைக்கிறார்கள்.

உங்கள் நண்பரின் கணக்கை ஏற்றால், நீங்கள் சிவப்பு அணிய வேண்டிய ஆண்டு 2029 பிப்ரவரி 13 அன்று தொடங்கும். செயலியின் கணக்கை ஏற்றால், அடுத்த நாய் ஆண்டு பிறக்கும் 2030 பிப்ரவரி தொடக்கம் வரை காத்திருக்க வேண்டும்.