சீடம் செடியைப் பூவுக்காக வாங்கலாமா?

கேள்வி: பண்டாரவளையில் வெயில் நன்றாக விழும் முற்றம் எங்களுடையது. இணையத்தில் விற்கும் ஒருவர் இளஞ்சிவப்புப் பூங்கொத்தோடு 'ஓட்டம் ஜாய்' (Autumn Joy) என்ற, தடித்த இலைகொண்ட சீடம் (Sedum) செடியின் படத்தைப் போட்டு, மலைநாட்டுக் குளிருக்கு ஆண்டுதோறும் பூக்கும் என்கிறார். ஒரு சாடி 2,500 ரூபாய். வாங்கலாமா?

பதில்: பூவுக்காக என்றால் வேண்டாம். இந்தச் செடி மொட்டு வைப்பதற்குக் குளிர் மட்டும் போதாது, நீண்ட பகல் வேண்டும். 'ஓட்டம் ஜாய்' ஜெர்மனியில் உருவான கலப்பினம். அங்கே ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். அந்த வெளிச்சத்தில் ஆயத்தமாகி, கோடை கழியும்போது பூக்கிறது. இலங்கையில் நமக்கோ ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் பன்னிரண்டரை மணிதான். மலை ஏற ஏறக் குளிர் கூடும், பகல் கூடாது. நுவரெலியாவிலும் இதே நிலைதான். விற்பவருடைய முற்றத்திலேயே பூத்த செடியின் படத்தைக் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

சாம்பல் பூத்த அந்தத் தடித்த இலைகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்டை ஒடித்து நட்டாலே வேர்விடும் செடிக்கு 2,500 ரூபாய் மிக அதிகம். இலைக்காக வாங்குவதானாலும் நேரில் போய் வாங்குங்கள். சாடியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால், உள்ளே நிரப்பிய தும்புத்தூளில் நீர் தேங்கியிருக்கிறது. தண்டின் அடியை விரலால் அழுத்துங்கள். பழுத்த வாழைப்பழம்போல் அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது, மேலே இலை எவ்வளவு பளபளத்தாலும் சரி. வீட்டில் மணலும் சிறுகல்லும் கலந்த மெலிந்த மண்ணே போதும். எருவை அள்ளிப் போட்டால் தண்டு நீண்டு சாய்ந்துவிடும்.

பூவுக்காக உங்கள் முற்றத்துக்கு என் தெரிவு கலஞ்சோ (Kalanchoe). ரணகள்ளியின் உறவு; நீண்ட இரவுக்கு மொட்டு வைப்பது, நம் நாட்டு இரவு அதற்குப் போதும். இரவு முழுதும் மின்விளக்கு படும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஓரிரு பூ விரிந்து, மிச்சம் மொட்டாக இருக்கும் சாடியை எடுங்கள்: நிறமும் தெரியும், பல வாரம் பூவும் இருக்கும்.

கேள்வி: ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். சீடம் என்று பணம் அனுப்பினேன், வந்தது வேறு செடி. விற்றவர் பதில் தருவதில்லை. பற்றுச்சீட்டும் இல்லை.

பதில்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஏமாற்றி விற்பதைத் தடுக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பதும் வியாபாரியின் கடமை. இப்போது அது இல்லாவிட்டாலும் விளம்பரப் படம், வங்கியில் பணம் போட்ட சீட்டு, வந்த செடியின் படம் ஆகியவற்றைத் திகதியோடு சேர்த்து வையுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும், தாமதிக்காதீர்கள். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.