எட்டுக்கால், ஆறுகால்: தோட்டத்துப் பூச்சி கேள்வி பதில்

பூச்சிகளைக் கவனிக்க ஆசை. ஆனால் என் தோட்டத்தில் நாலு தொட்டியும் ஒரு எலுமிச்சைச் செடியும்தான். இதில் என்ன இருக்கப் போகிறது?

எலுமிச்சை ஒன்றே போதும். நடந்துகொண்டே பார்ப்பதால்தான் ஒன்றும் கண்ணில் படுவதில்லை. செடிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். இலையின் மேல் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். எலுமிச்சை இலை தின்னும் பட்டாம்பூச்சியின் சின்னப் புழுவாக இருக்கலாம். வளர வளரத் தோலுரித்து, கடைசியில் இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல இரண்டு கொம்பு நீளும், கூடவே ஒரு நெடியும் வரும். ஒருமுறை பார்த்தால் போதும். பாவம், பயத்தில் செய்வது அது.

சிலந்தியும் பூச்சிதானே? எட்டுக்கால் பூச்சி என்றுதானே சொல்கிறோம்?

பேச்சுக்குச் சரி. ஆனால் பூச்சிக்கு ஆறு கால், உடம்பு மூன்று பகுதி. சிலந்திக்கு எட்டுக் கால், இரண்டே பகுதி. எண்ணும்போது உஷார்: எறும்பு வேஷம் போடும் சிலந்திகள் உண்டு. முன்னங்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டே திரியும். நானே ஏமாந்திருக்கிறேன். அந்த 'எறும்பு' இலை நுனியிலிருந்து நூல் விட்டு இறங்கியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

ராத்திரி பார்த்த வட்டமான வலை காலையில் இல்லை. யார் கலைத்திருப்பார்கள்?

பின்னியதேதான்! பல வட்டவலைச் சிலந்திகள் பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னும். நூல் முழுக்கப் புரதம், அதை ஏன் வீணாக்க வேண்டும்?

இருட்டத் தொடங்கும்போது அதே இடத்தில் போய் நில்லுங்கள். முதலில் ஒரு நூலைக் காற்றில் மிதக்கவிடும். எதிரே எங்காவது ஒட்டிக்கொண்டால் பாலம் தயார். அடுத்து, சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நூல்கள். இவற்றில் பசை கிடையாது. பிறகு நடுவிலிருந்து வெளியே அகலமாக ஒரு சுருள் போடும். அது கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி, தற்காலிகம்தான். கடைசியில் வெளியிலிருந்து உள்ளே திரும்பி வந்தபடி பசைச்சுருளை நெருக்கமாகப் போடும், சாரத்தையும் பிரித்துக்கொண்டே வரும். பின்னங்காலால் நூலை இழுத்து ஒவ்வொரு ஆரத்திலும் ஒட்டுவதைப் பார்த்தால் நகரவே மனம் வராது.

இலையடியில் அசையாத சிலந்தி ஒன்று. செத்துவிட்டதா?

மெல்ல ஊதிப் பாருங்கள். சருகாகப் பறந்தால் அது உரித்துப்போட்ட சட்டை. ஆள் பக்கத்தில்தான் இருப்பார்.

இரவில் டார்ச் அடித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோடு சேர்த்துப் பிடித்துத் தரையைப் பாருங்கள். புல்லுக்குள் பனித்துளி மாதிரி பொட்டுப் பொட்டாக மின்னினால், அவற்றில் சில ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். கையைத் தாழ்த்திப் பிடித்தால் இந்த மினுக்கம் தெரியாது, ஏனென்றால் ஒளி வந்த வழியிலேயே திரும்புகிறது. கிட்டப் போய்ப் பாருங்கள், முதுகு முழுக்கக் குஞ்சுகளைச் சுமக்கும் தாய் கிடைத்தாலும் கிடைக்கும்.

செல்போனில் படம் எடுத்தால் மங்கலாகவே வருகிறது.

மேலே நின்று எடுக்காமல் பூச்சியின் மட்டத்துக்குக் குனியுங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழவே கூடாது, விழுந்தால் பறந்துவிடும். செல்போனில் மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸ் (மிகக் கிட்டத்திலிருந்து படமெடுக்க உதவும் கண்ணாடி) ஒன்று இருந்தால் நல்லது.

சுவரில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. உடைத்துவிடட்டுமா?

முதலில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் குஞ்சுக் குளவி கிளம்பிப் போயிருக்கும், அந்தக் கூட்டைத் தாராளமாக எடுக்கலாம். மூடியிருந்தால் உள்ளே முட்டையோ புழுவோ இருக்கும், அதற்குச் சாப்பாடும் இருக்கும். சில குளவிகள் சிலந்திகளை வைக்கும், சில பச்சைப் புழுக்களை. அவை செத்தவை அல்ல. தாய் கொட்டி முடக்கி வைத்ததால் கெடாமல் கிடக்கின்றன. கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாய் ஈரமண் உருண்டையோடு வந்து கூட்டின் விளிம்பில் அதை வளையமாகத் தேய்ப்பதை இரண்டு முறை பார்த்த பிறகு, எனக்கு உடைக்கக் கை வரவில்லை.