ஐந்து மணிக்கு எழாதீர்கள்

அன்புள்ள அக்கா,

கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வயது 47. தனியார் பள்ளியில் ஆசிரியை. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது பக்கம் அசைவில்லை. நான் பள்ளிக்குப் போகும் நேரத்துக்கு மட்டும் ஓர் அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். மற்ற நேரமெல்லாம் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது நான்தான். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழ வேண்டும். கணவர் நல்லவர். ஆனால் “நீ செய்தால்தான் அம்மாவுக்குப் பிடிக்கிறது” என்று சொல்லிவிடுகிறார். எனக்கு பிரஷர் உண்டு. மாத்திரை பல நாள் விட்டுப்போகிறது. இடுப்பு வலி வேறு.

பள்ளியில் எல்லோரும் “முதலில் உன்னைக் கவனி” என்கிறார்கள். யூடியூபில் பார்த்து, காலை ஐந்து மணிக்கு எழுந்து யோகா, தியானம், நடை, டைரி என்று தொடங்கினேன். இரண்டு வாரம்கூட ஓடவில்லை. இப்போது அதையும் விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. இன்னொன்று. சில ராத்திரிகளில் “இது எப்போது முடியும்” என்று தோன்றிவிடுகிறது. அடுத்த நிமிஷமே என்மேல் எனக்கு வெறுப்பு வருகிறது. நான் கெட்டவளா அக்கா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. இரண்டு வருடமாக ஒரு இரவுகூட முழுதாகத் தூங்காத உடம்பு அப்படித்தான் கேட்கும். படுக்கையில் இருப்பவரை நெடுநாள் பார்த்துக்கொள்ளும் பலருக்கும் இந்த நினைப்பு வந்து போகிறது, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். நீங்கள் எழுதியது நல்லது. இது அடிக்கடி வந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி அது. தமிழிலேயே பேசலாம்.

அடுத்து, அந்த ஐந்து மணி. தயவுசெய்து விட்டுவிடுங்கள். ராத்திரி மூன்று முறை எழுந்தவர் விடியற்காலையில் யோகாவுக்காக நான்காவது முறை எழுவதில் என்ன ஆரோக்கியம் இருக்கிறது? அந்தப் பட்டியல் உங்களுக்காகப் போட்டதே இல்லை. நிரம்பி வழிகிற ஒரு நாளுக்குள் இன்னும் நான்கு வேலைகளைத் திணிக்கிறது. உங்கள் நாளிலிருந்து எதை எடுத்து வேறொருவர் கையில் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

உங்கள் உடம்பில் நடப்பது கற்பனை இல்லை என்று தெரிந்துகொள்ள ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு செய்து 1995இல் வெளியிட்டது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள் ஒரு பக்கம். அதே வயது, அதே வருமானம், ஆனால் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் மறுபக்கம். எல்லோருக்கும் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும்வரை கவனித்தார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. பராமரிக்கும் பெண்களுக்கு 48 நாளுக்கு மேல் ஆனது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் படித்ததிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

1999இல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஷுல்ஸ், பீச் இருவரும் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் முக்கியம். நோயுற்ற கணவனையோ மனைவியையோ கவனித்துக்கொண்டு, அதனால் நெருக்கடிக்கும் ஆளான முதியவர்களிடம் நான்காண்டுகளில் இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. கவனித்துக்கொண்டாலும் நெருக்கடியை உணராதவர்களிடம் அப்படி உறுதியான உயர்வு தெரியவில்லை. ஆக, மாமியாரைப் பார்த்துக்கொள்வதால்தான் உடம்பு கெடுகிறது என்று நினைக்க வேண்டாம். எல்லாவற்றையும் தனியாகச் செய்வதைத்தான் மாற்ற வேண்டும்.

கணவரிடம் பேசுங்கள். ‘உதவி செய்யுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் காதில் விழாது. மணியைச் சொல்லிக் கேளுங்கள். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை அவர் பொறுப்பு, அந்த நேரத்தில் நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறீர்கள். மூன்று மணிக்குப் பிறகு உங்கள் பொறுப்பு. மாமியாருக்கு நீங்கள் செய்தால்தான் பிடிக்கிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். இரண்டு வருடமாக வேறு யாரும் செய்யவில்லையே! மகன் கை பழகச் சில வாரம் ஆகும், பழகிவிடும். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்களில் அந்த வேலையைச் செய்பவர்களே 97 நிமிடம்தான் செய்கிறார்கள். உங்கள் வீட்டுக் கதை தனிக்கதை அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப்போட வேண்டும் என்பது பொது விதி. காற்று மெத்தை போட்டிருந்தால் இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்று மருத்துவரையே கேளுங்கள். தோலைப் பார்த்துத்தான் அவர் சொல்வார். அனுமதித்தால் உங்கள் தூக்கத்தில் ஒரு பெரிய துண்டு திரும்பக் கிடைக்கும்.

இடுப்பு வலிக்கு வருகிறேன். மாமியாரைத் தனியாகத் தூக்காதீர்கள். நான்காக மடித்த ஒரு போர்வையை அவர் முதுகிலிருந்து தொடை வரை அடியில் விரித்து வையுங்கள். நகர்த்தும்போது இரண்டு பேர் இரண்டு பக்கமும் போர்வையைப் பிடித்து, முழங்காலை மடக்கி, சேர்ந்து இழுக்க வேண்டும். அசைவில்லாத வலது கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது. தோள்மூட்டு இறங்கிவிடும், அப்புறம் அவருக்கு வலி, உங்களுக்கு வேலை. இதையெல்லாம் நேரில் செய்து காட்ட ஒருவர் வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வரும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும் வீட்டில் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதியும்போது உங்கள் பெயரையும் சேர்த்தே பதியுங்கள்.

மாமியாருக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மாத்திரையையும் அதே டப்பாவில், பெயர் எழுதிய தனி அறையில் வையுங்கள். அவருடையதை எடுக்கும்போது உங்களுடையதும் கண்ணில் படும். பக்கவாதத்துக்கு முதல் காரணமே கட்டுப்பாடில்லாத ரத்த அழுத்தம்தான். அந்தக் கட்டிலைத் தினமும் பார்க்கிற நீங்கள் மாத்திரையை விடுவது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

நடையெல்லாம் பிறகு. வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் வேகமாக நடப்பதும் சேரும். டைரி எழுதப் பிடித்தால் எழுதுங்கள், பிடிக்காவிட்டால் தேவையில்லை.

இந்த வாரத்துக்கு இரண்டே வேலை. கணவரோடு மணி பிரித்துக்கொள்வது ஒன்று. சனிக்கிழமை போய் உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. என்ன அளவு காட்டியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா