கபிலரின் குருகு: யாப்பும் மெய்ப்பாடும், கேள்வி பதில்

சங்கப் புலவர் கபிலர் பாடிய குறுந்தொகை 25. திருமணத்தைத் தள்ளிப்போடும் தலைவனைப் பற்றித் தலைவி தோழியிடம் சொல்கிறாள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

கல்லூரி மாணவி: ஐயா, இது என்ன பா?

சீரை எண்ணுங்கள் அம்மா: 4, 4, 4, 3, 4. ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) மட்டும் முச்சீர், முடிவு ஏகாரம். நேரிசை ஆசிரியப்பா.

மரபுக்கவிதை பழகுபவர்: கொஞ்சம் அலகிட்டு, அதாவது சீர்களை அசைகளாகப் பிரித்து, காட்டுங்களேன். தேமா, புளிமாவெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போயிற்று.

யா-ரும், இல்-லைத், தா-னே, கள்-வன். தனிக் குறிலோ தனி நெடிலோ ஒற்றோடோ ஒற்றில்லாமலோ வந்தால் நேரசை; இரு குறிலோ குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரையசை. இங்கே எல்லாம் நேர்நேர், நான்கும் தேமா. வாய்விட்டுப் படித்தால், வாக்குமூலம் கொடுப்பதுபோல் ஒவ்வொரு சீரும் தனித்தனியே விழும். இரண்டாம் அடியின் தா-னது, யா-னெவன் இரண்டிலும் நிரை பின்னால்தான் வருகிறது (கூவிளம்). மூன்றாம் அடியில்தான் அது சீரின் தலைக்கு வருகிறது: தினைத்-தாள் புளிமா (நிரைநேர்), சிறு-பசுங் கருவிளம் (நிரைநிரை). அடுத்த அடியில் ஒழு-குநீர், அதுவும் கருவிளம். குறில்கள் கூடக் கூட நடை ஓடத் தொடங்குகிறது. அப்புறம் 'பார்க்கும்' என்றதும் அடி முடிந்துவிடுகிறது. நான்காம் சீருக்குக் காது காத்திருக்கையில், அடுத்த அடியின் தலையில் குருகு, அந்த நீர்ப்பறவை, வந்து நிற்கிறது. கபிலர் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்று கேட்காதீர்கள், காதில் அப்படித்தான் விழுகிறது.

தமிழாசிரியர் ஒருவர்: எதுகை?

தானது, யானெவன்: ஓரடியின் முதல் சீரும் மூன்றாம் சீரும் இரண்டாம் எழுத்தில் ஒத்து வருவதால் பொழிப்பு எதுகை. அடிக்கு அடி ஒத்து வரும் அடியெதுகை இல்லை, தேட வேண்டாம்.

வாசகர்: ஆரல் மீனும் குருகும் வயல்பக்கத்துச் சரக்காயிற்றே, இதை எப்படிக் குறிஞ்சி, அதாவது மலைநிலத் திணை, என்கிறார்கள்?

திணையை முடிவு செய்வது உரிப்பொருள், அதாவது பாட்டின் மைய உணர்வு. இங்கே பேச்சு புணர்ச்சியைப் பற்றியது. மற்றவை கலக்கலாம், 'உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே' என்கிறது தொல்காப்பியம். தவிர, உவமையில் மலைப்பயிரான தினை இருக்கிறதே.

இன்னொருவர்: மெய்ப்பாடு (பாட்டில் வெளிப்படும் உணர்ச்சி) அழுகைதானே?

அச்சம் என்பேன் நான். அவன் பொய் சொன்னால் எதிர்த்துச் சொல்ல ஆளில்லை. கூட இருந்தது ஒரு குருகு. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கால் தினைத்தாள்போல் பசுமையாக, மெல்லிசாக இருந்ததுவரை அவளுக்கு நினைவிருக்கிறது. எத்தனை தடவை அந்த நாளை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள்! சாட்சிக்குக் குருகைக் கூப்பிடுவதில் கசந்த நகையும் கொஞ்சம் உண்டு, ஆனால் அது மேலோட்டம்தான்.

மாணவி: அடுத்து எதை அலகிடலாம் ஐயா?

குறுந்தொகை 3, 'நிலத்தினும் பெரிதே'. நான்கே அடி. அங்கே மூன்றாம் அடி முச்சீர். அது எந்தச் சொல்லில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.