ஐபி போனில் கோல் அரை நிமிடத்தில் கட்டாகிறது. சிப் (SIP, கோலைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை) செய்திகளைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

உங்களுடையதும் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்டெரிஸ்க் (கோல்களை இணைக்கும் மென்பொருள்) ஓடும் பெட்டிதான் என்று நினைத்து எழுதுகிறேன். புதிதாக எதையும் வாங்க முதல், கோலை முதலில் துண்டித்தது எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

திருகோணமலையில் நெட்வொர்க் வேலை செய்கிறேன். உப்புவெளியில் ஒரு விடுதிக்கு இதே பிரச்சினை. "தம்பி, ஆள் திகதி சொல்ல முதலே கட்டாகுது. திரும்ப எடுத்தா வேற இடத்தில ரூம் போட்டிருக்காங்க" என்றார் வரவேற்பில் இருந்த அக்கா. மே முதல் செப்டெம்பர் வரைதான் இந்தக் கரைக்குச் சீசன். அந்த நேரத்தில் இப்படி. பொருத்திய கொம்பனியோ, கடல் காற்றில் கேபிள் பழுதாகிவிட்டது, முழுவதையும் மாற்றுங்கள் என்றது. உப்புக் காற்று இங்கே வயர் முனைகளைத் தின்பது உண்மைதான். ஆனால் பழுதான கேபிள் எல்லாக் கோலையும் ஒரே விநாடியிலா வெட்டும்?

பிபிஎக்ஸில், அதாவது அந்த ஆஸ்டெரிஸ்க் பெட்டியில், சிப் செய்திகளைத் திரையில் காட்டும் எஸ்என்க்ரெப்பை ஓடவிட்டு, வெளியிலிருந்து ஒரு கோல் எடுக்கச் சொன்னேன். கோலைத் தொடங்கும் இன்வைட் வந்தது. முயற்சிக்கிறேன், மணி அடிக்கிறது என்று சொல்லும் 100, 180 போயின. அக்கா போனை எடுத்ததும் கோலை ஏற்றாயிற்று என்னும் 200 ஓகே போனது. அது கிடைத்தது என்று மறுபக்கத்திலிருந்து ஆக் வரவேண்டும், வரவில்லை. அதே 200 ஓகே அரை விநாடி, ஒன்று, இரண்டு, நான்கு என்று இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போனது. 32ஆவது விநாடியில் கோலை முடிக்கும் பை போனது, விடுதியின் பிபிஎக்ஸிலிருந்தே! 2002இல் வந்த, சிப்பின் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 3261 சொல்லும் கணக்கு அது: அரை விநாடியின் 64 மடங்கு வரை ஆக் வராவிட்டால் கோலை முடித்துவிடு.

ஆக் ஏன் வரவில்லை? அந்த 200 ஓகேயைத் திறந்தால், மறுபக்கம் இனி எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் கான்டாக்ட் வரியில், 192.168 என்று தொடங்கும், ரவுட்டருக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் உள்முகவரி. மறுபக்கம் ஆக்கை அங்கே அனுப்பினால் எப்படி வந்து சேரும்? ஆஸ்டெரிஸ்கில் சிப்பைக் கையாளும் பிஜேசிப் அமைப்பின் டிரான்ஸ்போர்ட் பகுதியில் சிக்னலிங் (சிப் செய்திகள்), மீடியா (குரல்) இரண்டுக்கும் வெளிமுகவரியையும், உள்நெட்வொர்க்கைக் குறிக்கும் லோக்கல் நெட்டையும் எழுதினேன். ரவுட்டரில் சிப் செய்திகளைத் தானாக மாற்றும் சிப் ஏஎல்ஜியை நிறுத்தினேன். அதன் பிறகு கோல் கட்டாகவில்லை.

நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் படிக்கும் வயர்ஷார்க்தான் சரி என்று சிலர் வருவார்கள். சரி, எஸ்என்க்ரெப்பில் சேமித்த கோப்பை அதிலேயே திறக்கலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. டிஎல்எஸ் குறியாக்கம் போட்டிருந்தால் வெளியிலிருந்து படிக்க முடியாதே என்பீர்கள்; அப்போது ஆஸ்டெரிஸ்கிலேயே செய்திகளைப் பதியும் பிஜேசிப் லாகரை ஆன் செய்யுங்கள். கோல் நிற்கிறது, குரல் மட்டும் ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் அது வேறு கதை: குரல் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் எஸ்டிபி பகுதியில் 'சி' வரியின் முகவரியைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். நூறு மீற்றர் கேபிள் மாற்றினால் பேரம் பேசாமல் காசு தருகிறவர்கள், லப்டொப்பைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தால் "சும்மா இருந்து பார்த்ததுக்கா இவ்வளவு?" என்கிறார்கள். அந்த விடுதியில் அல்ல, இந்த ஊரில் பல இடங்களில். படித்த பொடியங்கள் கொழும்புக்கு ஓடுவது இதனால்தான். அவர்களில் நான் குறை காணமாட்டேன்.

உங்கள் 200 ஓகேயின் கான்டாக்ட் வரியைக் கீழே போடுங்கள், பார்க்கிறேன். தொலைபேசி எண்களையும் வெளிமுகவரியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.