15 கே.வி.யில் மிதக்கும் 24 வோல்ட்: வாசகர் கேள்வி - பதில்

கே: 15 கே.வி. டி.சி. முனையோடு சேர்ந்தே நிற்கும் ஓர் அளவீட்டு சர்க்யூட்டுக்கு 24 வோல்ட், 20 வி.ஏ. வேண்டும். கடையில் விற்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாதது) போதுமா?
- பாலிடெக்னிக் மாணவர், காட்பாடி

ப: போதாது. அவை பெரும்பாலும் 3, 4 கே.வி.யை ஒரு நிமிடம் தாங்குகிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பப்படுபவை. நீங்களே சுற்றுவதுதான் நல்லது. 10 சதுர செ.மீ. குறுக்குவெட்டுள்ள யூ-ஐ கோர் (U, I வடிவத் தகடுகளை அடுக்கிய இரும்பு உள்ளகம்) எடுங்கள். 1.2 டெஸ்லா காந்தப்புலத்தில், 50 ஹெர்ட்ஸுக்கு வோல்ட்டுக்கு 3.75 சுற்று வரும். 230 வோல்ட் பக்கமான பிரைமரி 863 சுற்று, 30 கேஜ் கம்பி; 24 வோல்ட் பக்கமான செகண்டரி 90 சுற்று, 22 கேஜ். 20 வி.ஏ.வுக்கு இந்தக் கோர் பெரிதுதான். நமக்கு வேண்டியது ஜன்னலின், அதாவது காயில் உட்காரும் இடைவெளியின், அகலம்.

இரண்டு காயிலும் எதிரெதிர் காலில் இருக்கட்டும். இப்படிப் பிரித்தால் லீக்கேஜ் (ஒரு காயிலின் காந்தப்புலம் மற்றதைச் சேராமல் சிதறுவது) கூடி, லோடில் வோல்ட்டேஜ் இறங்கும். செகண்டரியை 110 சுற்று வரை கொண்டுபோய், 90-லும் 100-லும் டேப் (இடைக் கம்பி இணைப்பு) எடுத்து, லோடு போட்டு அளந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் கோர். அது எர்த்தில் இருக்கும். ஆகவே முழு 15 கே.வி.யும் செகண்டரிக்கும் கோருக்கும் நடுவிலேயே நிற்கும். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் எத்தனை மைலார் (காப்புப் பிளாஸ்டிக் தாள்) சுற்றினாலும் இதற்கு உதவாது. காற்று மி.மீ.க்கு 3 கே.வி. தாங்கும் என்பது சமதளத் தகடுகளுக்குச் சொன்ன கணக்கு. கோர்த் தகட்டின் கூரான முனையில் அதற்கு வெகு முன்பே கொரோனா (காற்றில் மின்கசிவு) தொடங்கிவிடும். காற்றில் 3 செ.மீ., பாபின் (கம்பி சுற்றும் கூடு) மேற்பரப்பு வழியே 6 செ.மீ. விடுங்கள். இடமில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்தான்; 2.5 மி.மீ. இடைவெளியில் 30 கே.வி.யாவது தாங்குகிறதா என்று முதலில் சோதியுங்கள்.

அந்த 15 கே.வி. முனை வேகமாக ஏறி இறங்குமா? மைக்ரோசெகண்டுக்கு 10 கே.வி. என்றால், காயில்களுக்கிடையே 20 பி.எஃப். (பிக்கோஃபாரட்) கப்பாசிட்டன்ஸ் இருந்தால் 0.2 ஆம்பியர் பாயும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, அது 500 பி.எஃப். ஆனால் 5 ஆம்பியர். அளவீடு குழம்ப அதுவே போதும்.

கே: ஈப்பாக்ஸி ஊற்றிய டிரான்ஸ்ஃபார்மர் சோதனையில் தேறியது, சில மாதத்தில் இன்சுலேஷன் துளைபட்டுவிட்டது. மெக்கரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) கடைசிவரை நன்றாகவே காட்டியது. ஏன்?
- சிறுதொழில் செய்பவர், ராணிப்பேட்டை

ப: குமிழி. ஈப்பாக்ஸியின் மின்கடத்தாக் கெழு ஏறக்குறைய 4. தட்டையான குமிழிக்குள் மின்புலம் அத்தனை மடங்கு ஏறும். உள்ளே இருப்பதோ பலவீனமான காற்று. ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் சிறு பொறி வெடித்துச் சுவரை அரிக்கும். மெக்கர் டி.சி.யில் கசிவை மட்டும் பார்ப்பதால் அதற்கு இது தெரியாது.

உங்கள் ஊர் பெல் ஆலை செய்கிற தூசு வடிப்பான்களுக்கான டி.ஆர். செட்டுகள் (டிரான்ஸ்ஃபார்மர் - ரெக்டிஃபையர்) பொதுவாக எண்ணெயில் மூழ்கியவை. எண்ணெயில் வந்த குமிழி மேலேறிப் போய்விடும். ஈப்பாக்ஸியில் வந்தது அங்கேயே குடியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சுற்றிய காயில் என்றால் 100 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்துங்கள். மெதுவாக இறுகும் ரெசினை வேக்குவத்தில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். டெஃப்லான், பாலிபுரோப்பிலீன் பாபின் வேண்டாம். ரெசின் ஒட்டாமல் இடுக்கு விழும். கிளாஸ் ஈப்பாக்ஸி பாபின் போதும்.

கே: ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் மெஷினுக்கு எர்த் வேண்டாமா?
- ஆம்பூர் வாசகர்

ப: உடல் தகடு எர்த்தில் இருக்கவே வேண்டும். செகண்டரி முனையை மட்டும் எர்த் பண்ணாதீர்கள். பண்ணினால் ஐசொலேஷன் போயிற்று.

கே: 3 செ.மீ. இடைவெளியில் கம்பியில்லாமல் பவர் அனுப்புகிறேன், 24 வோல்ட் சப்ளை. ரிசீவரைத் தூக்கினாலே மாஸ்ஃபெட் எரிகிறது.
- குடியாத்தம் வாசகர்

ப: இரு பக்கமும் காயிலோடு கப்பாசிட்டரை வரிசையில் போடும் சீரிஸ் - சீரிஸ் இணைப்பின் குணமே அது. இரு பக்கமும் 100 மைக்ரோஹென்றி, 0.1 மைக்ரோஃபாரட் என்றால் ரெசனன்ஸ் 50 கிலோஹெர்ட்ஸ். கப்ளிங் (இரு காயிலுக்கும் இடையிலான காந்தப் பிணைப்பு) 0.3, லோடு 10 ஓம் என்றால் பிரைமரிக்குத் தெரிவது சுமார் 9 ஓம். ரிசீவரை எடுத்ததும் அந்த 9 ஓம் மறைந்து, காயிலின் சொந்த ரெசிஸ்டன்ஸ் மட்டும் மிஞ்சும், கரண்ட் எகிறும். லோடு கழன்றாலும் அதே கதிதான். கரண்ட்டை உணர்ந்து உடனே நிறுத்தும் சர்க்யூட் கட்டாயம். தொடக்கத்தில் 70 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறங்கி வாருங்கள். ரெசனன்ஸுக்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள்.

5 ஆம்பியர் ஓடினால் கப்பாசிட்டரில் 158 வோல்ட் நிற்கும், சப்ளை 24 வோல்ட்தான் என்றாலும். ஒரே 0.1-க்குப் பதில் 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிபுரோப்பிலீன் பத்தைப் பேரலலாகப் போடுங்கள். பாலியெஸ்டர் சூடேறி உப்பும். கம்பி, 42 கேஜ் மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிய லிட்ஸ் கம்பியாக இருக்கட்டும். காயிலுக்கு அடியில் இரும்பு மேசை இருந்தால் நடுவில் ஃபெரைட் தகடு வையுங்கள், இல்லையேல் மேசைதான் சூடாகும்.